மரத்துப்போன காலுக்கு மோக்ஸா வேண்டாம்

"கால் மரத்துப்போகுது சார், மோக்ஸா குச்சி ஆன்லைன்ல வாங்கிட்டேன். எங்க காட்டணும்னு மட்டும் சொல்லுங்க." சர்க்கரை நோயாளிகள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். அக்குபங்சர் சிகிச்சை செய்கிறவனாக நான் சொல்வது ஒன்றுதான்: அந்தக் காலில் எங்கேயும் காட்டாதீர்கள்.

மோக்ஸா, மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் இலை. அதை எரித்து உடலுக்குச் சூடு கொடுப்பது சீன வைத்திய முறை. சீனர்கள் அதைக் கோடையின் தொடக்கத்தில், டிராகன் படகுத் திருவிழாவை ஒட்டிப் பறிப்பார்கள். காயவைத்து, இடித்து, சலித்தால் காம்பும் தூளும் போய்ப் பஞ்சு மாதிரி மிஞ்சும். மூன்று வருஷம் கிடந்த பஞ்சு நிதானமாக எரியும் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். 1973இல் சீனாவின் மாவாங்துய் கல்லறையைத் தோண்டியபோது கிடைத்த பட்டுச்சுவடிகளில், உடலில் ஓடுவதாகச் சீன வைத்தியம் சொல்லும் நாளங்கள் மேல் இந்தச் சூட்டைக் கொடுக்கும் முறை இருக்கிறது. கல்லறை மூடப்பட்டது கி.மு. 168இல். அக்குபங்சர் ஊசி பற்றி அந்த நாளச் சுவடிகளில் பேச்சே இல்லை.

பஞ்சைச் சின்னக் கூம்பாக உருட்டித் தோல் மேலேயே எரிப்பது பழைய வழி. கொப்புளமும் தழும்பும் வரவேண்டும் என்றே அப்படிச் செய்த காலம் உண்டு. இஞ்சி வில்லையையோ பூண்டு வில்லையையோ அடியில் வைத்து எரிப்பதும் உண்டு. இப்போது அதிகம் புழங்குவது சுருட்டு மாதிரி உருட்டிய குச்சி. அதைப் பற்றவைத்து, தோலில் படாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்போம். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அந்த இடம் லேசாகச் சிவக்கும், அங்கே நிறுத்திவிடுவோம்.

இதில் அளவுகோல் எது? படுத்திருப்பவரின் உணர்ச்சிதான். "சுடுது" என்றால் குச்சியைத் தூக்குகிறோம். குழந்தைகள், உணர்ச்சி குறைந்தவர்கள் என்றால் எங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அந்தப் புள்ளியின் இரு பக்கமும் வைத்துக்கொள்வோம், சூடு ஏறுவது முதலில் எங்களுக்கே தெரியட்டும் என்று. வீட்டில் தனியாக உட்கார்ந்து தன் பாதத்துக்குக் காட்டுகிறவருக்கு இந்தக் காவல் இல்லை. மரத்த தோல் "சுடுது" என்று சொல்லாது. சுகமாக இருக்கிறதே என்று இன்னும் கிட்டே கொண்டுபோவார். மறுநாள் கொப்புளம், அப்புறம் ஆறாத புண். அந்தப் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்பது சர்க்கரை நோயாளி உள்ள வீடுகளுக்குத் தெரியும். சர்க்கரையால் பழுதான நரம்பை மோக்ஸா சரிசெய்யும் என்பதற்கு உறுதியான சான்றும் கிடையாது.

கர்ப்பிணிகளும் கேட்கிறார்கள். குழந்தை தலைமேலாக இருந்தால், கால் சுண்டுவிரல் நகத்தின் வெளியோரப் புள்ளியில் சூடு காட்டுவது சீன வழக்கம். 1998இல் வெளிவந்த சீன ஆய்வில், சூடு பெற்ற 130 பேரில் 98 பேருக்கு 35ஆவது வாரத்தில் குழந்தை திரும்பியிருந்தது, பெறாத 130 பேரில் 62 பேருக்கு. பின்னால் இத்தாலியில் செய்த ஆய்வு பாதியில் நின்றது, அதில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே செய்வதென்றால் மகப்பேறு மருத்துவர் சம்மதத்தோடு, அதுவும் காலில் மட்டும். வயிற்றில் வேண்டவே வேண்டாம்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புகை ஆகாது. புகையில்லாத குச்சி என்று விற்பது கரி மாதிரி இறுகியது, சூடு அதிகம், இன்னும் கவனம் வேண்டும். சாம்பலை அடிக்கடி தட்டிவிட வேண்டும், கனலோடு தோலில் விழும். நுனி கறுத்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், மூடியுள்ள கண்ணாடி ஜாடியிலோ மணலிலோ குத்தி அணையுங்கள்.

சுட்டுவிட்டதா? ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பற்பசை, இங்க் எதுவும் தடவாதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். சர்க்கரை இருப்பவர் என்றால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.