அதிகாரப் பகிர்வை ஏன் 'பரவலாக்கம்' எண்டு எழுதினம்?

இலங்கையிலை ஜனாதிபதி அநுரவின்ர அரசாங்கம் வந்த நாளிலை இருந்து புது அரசியலமைப்பு பற்றி ஆர் கதைச்சாலும் 'அதிகாரப் பரவலாக்கம்' எண்ட சொல்தான் வந்து விழுது. ரிவி நியூஸ், பேப்பர்த் தலைப்பு, என்ஜிஓ அறிக்கை, எங்கட ஆக்களின்ர பேஸ்புக் எல்லாத்திலையும் இதுதான். இங்கிலிஷிலை டெவலூஷன் எண்டு இருக்கிற இடம் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடினம். சில பேர் முதல் பந்தியிலை பகிர்வு, அடுத்த பந்தியிலை பரவலாக்கம் எண்டு மாத்தி மாத்தி எழுதினம், ஒரு சொல்லை ரெண்டு தரம் சொன்னால் வாசிக்கிறவைக்கு அலுத்துப்போகும் எண்டு நினைக்கினம் போல. ரெண்டும் ஒண்டில்லை. 1957இலை பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா-செல்வா ஒப்பந்தத்திலை இருந்து எங்கட சனம் கேட்டது பகிர்வு, கொழும்பு தரப் பாத்தது பரவலாக்கம்.

டெவலூஷன் லத்தீனிலை இருந்து வந்தது, கீழை உருட்டி விடுறது எண்டு அடிப்படைக் கருத்து. முதல் சொத்து வாரிசுக்கு இறங்கிறதுக்குப் பாவிச்ச சொல், பிறகு அரசியலுக்கு வந்திட்டுது. இண்டைக்கு அது எதைக் குறிக்குது எண்டால், மேலை இருக்கிற பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, சனம் வோட்டுப் போட்டுத் தெரிவுசெய்த கீழ்ச் சபை ஒண்டுக்கு அதிகாரத்தை ஒப்படைக்கிறது. ஸ்கொட்லாந்துக்கு 1998இலை சட்டம் வந்து அடுத்த வருசம் பாராளுமன்றம் கூடினது இப்பிடித்தான். குடுத்தவனுக்குத் திருப்பி எடுக்கிற பலமும் இருக்கும், 1972இலை வட அயர்லாந்தின்ர பாராளுமன்றத்தை லண்டன் நிப்பாட்டினது தெரியும்தானே. ஆனால் குடுத்து இருக்கிற வரைக்கும் வாங்கினவன் தன்ர வோட்டருக்குத்தான் பதில் சொல்லுவான், குடுத்தவனுக்கு இல்லை.

டீசென்ட்ரலைசேஷன், அதாவது பரவலாக்கம், வேற. கொழும்பிலை செய்யிற வேலையைக் கச்சேரியிலை, அதுதான் மாவட்டச் செயலகத்திலை, செய்யலாம், கச்சேரியிலை செய்ததைப் பிரதேச செயலகத்திலை செய்யலாம். சனத்துக்கு பஸ் காசு மிச்சம், நல்ல விஷயம்தான், நான் அதைக் குறை சொல்லேல்லை. ஆனால் அங்க கதிரையிலை இருக்கிறவர் கொழும்பு நியமிச்ச உத்தியோகத்தர். கந்தோர் கிட்ட வந்திருக்கு, முதலாளி மாறேல்லை.

இப்ப தமிழுக்கு வருவம். பகு, பகிர், பகுதி, பங்கு எல்லாம் ஒரு குடும்பம். வள்ளுவர் 'பகுத்துண்டு' எண்டு சொன்னதும் இதே வேர்தான். பகிர்வு எண்டு சொன்னவுடனை ரெண்டு ஆக்கள் வந்திடினம், ஒரு பங்கு வந்திடுது, எது உன்ர எது என்ர எண்ட கோடும் வந்திடுது. பரவுறது அப்பிடி இல்லை. நோய் பரவும், வதந்தி பரவும், வெள்ளம் பரவும். ஆர் குடுத்தது, ஆர் வாங்கினது, எவ்வளவு எண்ட கேள்வி ஒண்டும் பரவலிலை கிடையாது. 'ஆக்கம்' எண்ட வாலைக் கட்டினாலும் பரப்பிற ஆள் ஒருத்தர்தான் வாறார், வாங்கிற ஆளைக் காணேல்லை. அதாலைதான் இந்தச் சொல் அரசாங்கங்களுக்கு வசதியாப் போச்சு.

நடந்த கதையைப் பாத்தால் விளங்கும். 1987இலை இந்திய-இலங்கை ஒப்பந்தம், அதோடை 13ஆம் திருத்தம், மாகாண சபை. ஓட்டை நிறைய இருந்தது. ஆளுநரை ஜனாதிபதி போடுவார், எல்லா விஷயத்திலையும் தேசியக் கொள்கை மத்தியின்ர கையிலை, காணி பொலிஸ் அதிகாரம் எழுத்திலை மட்டும் கிடந்தது. எண்டாலும் அது பகிர்வு வகையைச் சேர்ந்தது, தெரிவுசெய்த சபைக்குச் சட்டம் இயற்றுற அதிகாரம் போனது. அஞ்சு வருசத்திலை, 1992இலை, 58ஆம் இலக்கச் சட்டம் ஒண்டைக் கொண்டுவந்து கச்சேரிகளின்ர அதிகாரங்களைப் பிரதேச செயலாளர்மாருக்கு மாத்திச்சினம். பாக்க அதிகாரம் கிராமத்துக்குக் கிட்டப் போன மாதிரித்தான் இருந்தது. ஆனால் அந்தச் செயலாளர்மார் மத்தியின்ர ஆக்கள், மாகாண சபைக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஆக்கள். பரவலாக்கத்தைக் குடுத்துப் பகிர்வை உள்ளுக்குள்ளாலை அரிச்சது இப்பிடித்தான். ரெண்டையும் ஒரே பேராலை கூப்பிட்டால் இந்தக் கதையைத் தமிழிலை சொல்லவே ஏலாது, 'பரவலாக்கத்தாலை பரவலாக்கம் கெட்டுது' எண்டோ எழுதிறது?

அநுரவின்ர அணியான தேசிய மக்கள் சக்தியின்ர 2024 தேர்தல் அறிக்கையைப் பாருங்கோ. 2015இலை தொடங்கின அரசியலமைப்பு வேலையைத் தொடருவம், உள்ளூராட்சி, மாவட்டம், மாகாணம் மூண்டுக்கும் அதிகாரம் குடுப்பம் எண்டு இருக்கு. எனக்கு நெருடுறது அந்த நடுவிலை கிடக்கிற மாவட்டம். இண்டைக்கு மாவட்டத்திலை தெரிவுசெய்த சபை ஒண்டும் இல்லை, மாவட்டச் செயலாளர்தான் இருக்கிறார். 1981இலை மாவட்ட அபிவிருத்தி சபை எண்டு ஒண்டுக்குத் தேர்தல் வைச்சினம், அந்தத் தேர்தல் நேரம்தான் யாழ்ப்பாண நூலகத்தை எரிச்சவை, அதிலையும் மேலை மாவட்ட அமைச்சர் எண்டு ஜனாதிபதி போட்ட ஆள். அப்ப இந்த அரசாங்கம் மாவட்டத்துக்குக் குடுக்கிறம் எண்டால் சபைக்கோ, உத்தியோகத்தருக்கோ? பகிர்வு எண்டு எழுதியிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேணும். பரவலாக்கம் எண்டு எழுதினால் கேள்வியே வராது.

இது சும்மா சொற்சண்டை இல்லை. 2024 நவம்பர் 14 தேர்தலிலை இவையள் 225இலை 159 ஆசனம் எடுத்தவை, யாழ் மாவட்டத்திலையே 6இலை 3, தெற்குக் கட்சி ஒண்டு அங்க முதலாவதா வந்தது அதுதான் முதல் தரம். எங்கட சனம் நம்பிப் போட்ட வோட்டு. வடமாகாண சபைக்கு 2013இலை தேர்தல் நடந்தது, 2018 ஒக்டோபரோடை அதின்ர காலம் முடிஞ்சுது. பிறகு வந்த அரசாங்கங்கள் எல்லை நிர்ணயம், பழைய தேர்தல் முறையோ புது முறையோ எண்டு சாட்டுச் சொல்லித் தள்ளினதுதான் மிச்சம், புது அரசாங்கம் வந்து ஒரு வருசத்துக்குள்ளை வைப்பம் எண்டதும் நடக்கேல்லை. உள்ளூராட்சித் தேர்தலை 2025 மே மாதம் நடத்தினவை. பிரதேச சபைக்கு எலெக்சன் வைச்சாச்சு, அதிகாரம் பரவிப்போச்சு எண்டு நாளைக்கு ஆரும் சொன்னால், இந்தச் சொல்லை வைச்சுக்கொண்டு நாங்கள் என்ன பதில் சொல்லுறது? இந்த அணிக்கு முதுகெலும்பா இருக்கிற ஜேவிபிதான் (மக்கள் விடுதலை முன்னணி) 1987இலை மாகாண சபையை எதிர்த்து நிண்டது, ஒரே மாகாணமா இணைச்சு வைச்சிருந்த வடக்கையும் கிழக்கையும் 2006இலை பிரிக்க உயர்நீதிமன்றம் போனதும் அவையின்ர ஆக்கள்தான். மாறியிருக்கலாம், மாறவேணும் எண்டுதான் எனக்கும் ஆசை. அதுக்காகச் சொல்லைத் தளத்தி விடேலாது.

பரவலாக்கத்துக்கு வக்காலத்து வாங்கிறவை சொல்லுற நியாயம் ரெண்டு. தமிழ்நாட்டிலை அப்பிடித்தான் எழுதினம் எண்டு ஒண்டு. அங்க அது பஞ்சாயத்துகளுக்கு அதிகாரம் குடுக்கிறதைப் பற்றி, மாநிலத்துக்கு அவை கேக்கிறது மாநில சுயாட்சி, ரெண்டையும் அவை குழப்பிறதில்லை. மற்றது, பகிர்வு எண்டால் தெற்கு பயப்படும், பரவலாக்கம் எண்டால் மெதுவா இருக்கும் எண்டது. சிங்களத்திலை 'பலய பெதீம' எண்டால் அதிகாரத்தைப் பிரிக்கிறது, நாட்டைப் பிரிக்கிறதுக்கும் அதே 'பெதனவா'தான், அதாலை அங்க மேடைகளிலை அந்தச் சொல்லைப் பிடிச்சு ஆட்டினம், உண்மை. ஆனால் சிங்களத்திலையே டீசென்ட்ரலைசேஷனுக்கு 'விமத்யகத' எண்டு தனிச்சொல் வைச்சிருக்கினம். சிங்களவன் பிரிச்சு வைச்சிருக்கிறதைத் தமிழன் ஏன் ஒண்டாக் குழைக்கவேணும்? தெற்கின்ர பயத்துக்காகத் தமிழ் வாசகனுக்கு மங்கலாச் சொல்லுறது ஆருக்கு நல்லது?

மொழிபெயர்ப்பாளர்மாரிலை எனக்குக் கோவம் இருக்கு, ஆனால் அவையை மட்டும் குத்தம் சொல்லேலாது, எல்லாம் முடிஞ்ச பிறகு கடைசி நேரத்திலைதானே தமிழுக்குக் குடுக்கிறது. எங்கட சட்டத் தமிழிலை அதிகாரங்களை 'தத்துவங்கள்' எண்டு எழுதினம், வாசிக்கிற சனம் சாமியார் கதை எண்டு நினைக்கும். எம்பிமாரின்ர டீசென்ட்ரலைஸ்ட் காசுக்கு 'பன்முகப்படுத்தப்பட்ட நிதி' எண்டு பேர், ஒரு காசுக்கு எத்தினை முகம்? புது அரசியலமைப்புக்கான 2017 இடைக்கால அறிக்கையிலை சிங்களத்திலை 'ஏக்கிய ராஜ்ய' எண்டு வைச்சு தமிழிலை 'ஒருமித்த நாடு' எண்டு போட்டவை, அதுவரைக்கும் அரசியலமைப்பிலை அதே ஏக்கியவுக்கு 'ஒற்றையாட்சி' எண்டுதான் தமிழ் இருந்தது. தமிழ்ப் பக்கத்துக்கு ஒரு கதை, சிங்களப் பக்கத்துக்கு ஒரு கதை, கடைசியிலை ரெண்டு பக்கமும் நம்பேல்லை.

ஆகவே டெவலூஷனுக்கு அதிகாரப் பகிர்வு. டீசென்ட்ரலைசேஷனுக்குப் பரவலாக்கம், அந்தச் சொல் அதுக்குச் சரியாத்தான் பொருந்துது. ஒரு உத்தியோகத்தர் தன்ர வேலையைக் கீழை இருக்கிறவரிட்டைக் குடுக்கிறது அதிகாரக் கையளிப்பு. 13ஆம் திருத்தத்திலை இருக்கிறது அரைகுறைப் பகிர்வுதானே எண்டு கேக்கலாம். அரைகுறை எண்டு அடைமொழி போட்டு எழுதுங்கோ, வேற பேரை வைக்காதேங்கோ. புது அரசியலமைப்பின்ர வரைவு எப்ப வந்தாலும் முதல் அதின்ர தமிழ்ப் பிரதியை எடுத்து, இந்தச் சொல் வாற இடம் எல்லாத்தையும் சிங்களப் பிரதியோடை வைச்சுப் பாருங்கோ, வித்தியாசம் இருந்தால் அதைப் பகிரங்கமாக் கேளுங்கோ.