ரூகோஸ் யார் பெயர்?

ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னைப் பயிற்சிக் கூட்டம். பேச வந்தவர், தென்னையைத் தாக்கும் ஒரு பூச்சியை ‘ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ’ என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். பக்கத்தில் இருந்த பெரியவர் என் காதைக் கடித்தார்: “ஏனுங்க, ரூகோஸுங்கறது இதைக் கண்டுபிடிச்சவரு பேருங்களா?”

2004இல் பெலீஸ் நாட்டுப் பூச்சிகளை வைத்து இதை முதலில் விவரித்தவர் மார்ட்டின் என்ற பூச்சியியலாளர். ரூகோஸ் ஆளுமில்லை, ஊருமில்லை. லத்தீனில் ‘ரூகா’ என்றால் சுருக்கம், அவ்வளவுதான். 2016இல் இந்தியாவிலேயே முதலில் பொள்ளாச்சியில் தென்பட்ட பூச்சிக்கு, நாம் இன்னும் ஒரு நல்ல தமிழ்ப்பெயர் வைக்கவில்லை.

சரி, சுருக்கம் எங்கே இருக்கிறது? கொய்யாவிலும் மரவள்ளியிலும் வரும் பழைய சுருள் வெள்ளை ஈ இதற்குப் பங்காளி. இரண்டும் இலையடியில் சுருள் சுருளாக முட்டையிட்டு மெழுகு பூசும். பறக்கும் பூச்சியை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. கூட்டுப்புழுவை நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். முதுகின் பின்புறத் துளைக்கு ஒரு மூடி உண்டு. இந்த இனத்தில் அந்த மூடி சுருக்கம் விழுந்து கிடக்கும். துளையில் உள்ள நாக்கின் நுனியும் முக்கோணமாகக் கூர்ந்திருக்கும். ‘ரூஜியோபெர்குலேட்டஸ்’ என்ற அறிவியல் பெயருக்கே ‘சுருங்கிய மூடி’ என்றுதான் பொருள்.

இந்த மூடியை விழுங்கிவிட்டு ‘சுருக்கச் சுருள் வெள்ளை ஈ’ என்று எழுதுகிறார்கள். வாயில் நுழையவில்லை என்பது சின்னக் குறை. ‘சுருக்கம்’, ‘சுருள்’ இரண்டையும் கேட்டவர் இலையைத்தானே பார்ப்பார்? சுருண்டிருப்பது முட்டை வரிசை, சுருங்கியிருப்பது மூடி. இலையில் தெரிவதோ பிசுபிசுப்பும் கரும்பூசணமும். போதாததற்கு நிலக்கடலைக்கு ஏற்கெனவே ஒரு சுருள்பூச்சி இருக்கிறது. “ஓலை சுருளவே இல்லியே, இது அது இல்லீங்க” என்று சும்மா இருந்துவிட்ட தோப்புக்காரரை எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பவர் அகராதியைப் புரட்டிய நேரத்தில் பூச்சியின் படத்தை ஒருமுறை பார்த்திருக்கலாம். (‘ஈ’ என்பதே தப்பு. ஈக்கு இறகு இரண்டு, இதற்கு நான்கு, அசுவினி வகையறா. அது இன்னொரு நாள் பஞ்சாயத்து.)

என் கட்சி, ‘திரைமூடிச் சுருள் வெள்ளை ஈ’. ‘நரை, திரை’ என்கிறோமே, அந்தத் திரை, தோல் சுருக்கம். சினிமாத் திரை ஞாபகம் வரும் என்பார்கள். வரட்டும், ஒருமுறை விளக்கினால் போதும். ரூகோஸை எத்தனை முறை விளக்கினாலும் ஒட்டாது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். “அப்பக் கெழட்டு மூடிங்கறீங்க” என்றார். ரூகோஸுக்கு அதுவே தேவலை.