அமெரிக்கப் பாஸ்போர்ட் இருக்கிறது, ஓட்டு இல்லை

தென் பசிபிக்கிலுள்ள அமெரிக்க ஆட்சிப் பகுதியான அமெரிக்கன் சமோவாவில் பிறந்தவரின் பாஸ்போர்ட்டில் மேலட்டையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே குறிப்புப் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: இவர் அமெரிக்க 'நேஷனல்', குடிமகன் அல்லர். அந்த வரியைக் கவனிக்காமல் படிவம் நிரப்புவதுதான் பல சிக்கல்களுக்கு ஆரம்பம்.

நேஷனலுக்கு கிரீன் கார்டு தேவையில்லை. எந்த மாநிலத்திலும் குடியேறலாம், வேலை பார்க்கலாம். வேலையில் சேரும்போது தரும் ஐ-9 படிவத்தில் 'குடிமகன் அல்லாத நேஷனல்' என்று தனிக் கட்டமே உண்டு. அதைத்தான் குறிக்க வேண்டும். வாக்காளர் பதிவில் 'அமெரிக்கக் குடிமகனா?' என்று கேட்டால் பதில் 'இல்லை'. கவுண்டரில் இருப்பவர் "அமெரிக்கப் பாஸ்போர்ட்தானே, ஆமாம் என்று போடுங்கள்" என்றாலும் போடாதீர்கள். அலாஸ்காவின் விட்டியரில் அமெரிக்கன் சமோவா வம்சாவளியினர் மீது இந்த விஷயத்தில் குற்ற வழக்கே பாய்ந்திருக்கிறது.

குடியுரிமை வேண்டுமென்றால் முதலில் ஒரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து 3 மாதம் வசிக்க வேண்டும். பிறகு என்-400 விண்ணப்பம், கட்டணம், ஆங்கிலத் தேர்வு, குடிமைத் தேர்வு. அமெரிக்கன் சமோவாவில் வாழ்ந்த காலமும் வசிப்புக் கணக்கில் சேரும். இது பலருக்குத் தெரியாததால் வீணாகக் காத்திருக்கிறார்கள்.

அமெரிக்க ஆட்சியிலுள்ள, மாநிலமல்லாத மற்ற தீவுகளில் பிறப்பவர்கள் குடிமக்கள்தான். போர்ட்டோ ரிக்கோவுக்கு 1917, வெர்ஜின் தீவுகளுக்கு 1927, குவாமுக்கு 1950, வட மரியானாவுக்கு 1986 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கிடைத்தது. ஆனால் குடியுரிமை கிடைத்ததும் நாடாளுமன்ற இடங்களைப் பிரிக்கும் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்தால் தவறு. நாடாளுமன்றக் கீழவையான பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களையும் மாநிலங்களின் மக்கள்தொகையை வைத்தே பிரிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம். 2020 கணக்கெடுப்பில் போர்ட்டோ ரிக்கோவில் 32,85,874 பேர். அதைவிடச் சற்றுக் குறைந்த மக்கள் உள்ள யூட்டாவுக்கு 4 இடங்கள். போர்ட்டோ ரிக்கோவுக்கு இருப்பதோ, இறுதி வாக்கெடுப்பில் ஓட்டுப் போட முடியாத ஒரே ஒரு பிரதிநிதி.

டெக்சாஸில் ஆவணமின்றி வாழ்பவர் இந்த ஒதுக்கீட்டில் எண்ணப்படுகிறார். அது சரியே, அங்கே வாழ்பவரை எண்ணத்தான் வேண்டும். ஜெர்மனியில் பணியில் இருக்கும் ராணுவ வீரரும் சொந்த மாநிலத்தின் கணக்கில் சேர்கிறார். போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானில் பிறந்து வளர்ந்து அங்கேயே வாழும் குடிமகனைத்தான் சேர்ப்பதில்லை. அவரே ஃப்ளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோவுக்குக் குடிபோனால் எண்ணிக்கையும் ஓட்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. இது எனக்கு எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை.

இடம் கிடைக்காது என்பதற்காகக் கணக்கெடுப்பை அலட்சியப்படுத்தக் கூடாது. மாநிலங்களில் ஆண்டுதோறும் நடக்கும் விரிவான ஆய்வு குவாம், அமெரிக்கன் சமோவா, வட மரியானா, வெர்ஜின் தீவுகளில் நடப்பதில்லை. வருமானம், வீட்டு வசதி போன்ற விவரங்களுக்கு இவை நான்கும் பத்தாண்டுக் கணக்கெடுப்பின் நீண்ட படிவத்தையே பெரிதும் நம்பியிருக்கின்றன. அங்கே விட்டுப்போன குடும்பம் அடுத்த கணக்கெடுப்பு வரை விட்டுப்போனதுதான். அந்தப் படிவம் குடியுரிமையையும் கேட்கும். அமெரிக்கன் சமோவாவில் பிறந்து அங்கேயே வாழ்பவர் 'இங்கே பிறந்தவர்' என்று குறித்தால் போதும். தனிநபர் பதில்களை மற்றத் துறைகளுக்குக் கொடுக்கச் சட்டம் தடை விதிக்கிறது.

கூட்டுக் குடும்பங்களில் பெரும்பாலும் விடுபடுவது கைக்குழந்தைகளும், தங்க வந்து அங்கேயே இருந்துவிட்ட உறவினர்களும். ஏப்ரல் 1 அன்று ஒருவர் வழக்கமாக எந்த வீட்டில் தூங்குகிறாரோ அந்த வீட்டில்தான் அவரை எழுத வேண்டும். ஹவாயில் படிக்கும் மகளை ஹவாயில் எழுதுவார்கள். தாய்வீட்டுப் படிவத்தில் சேர்க்க வேண்டாம்.