பைண்டர்: ஒட்டாத பொடிக்கு ஒட்டுப் பெயர்

புத்தகம் கட்டுபவர், பெயிண்ட் கலப்பவர், மாத்திரை அழுத்துபவர் எல்லோரிடமும் ஒரு ‘பைண்டர்’ உண்டு. கட்டு, பிணை என்ற பொருளுடைய பழைய ஆங்கில வினையின் பிள்ளை அது. தமிழில் ‘பிணைப்பான்’ என்கிறோம். இந்த மூவருக்கும் பொருந்துகிறது. வெப்ப மின்கலத்துக்கு வந்தால்தான் இடறுகிறது.

ஏவுகணைகளுக்குள் வைக்கும் கலம் அது. லித்தியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் சேர்ந்த உப்புதான் அதன் வழக்கமான மின்பகுளி. தனியாக இருந்தால் இரண்டும் உருக 600 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். சரியான விகிதத்தில் சேர்ந்தால் சுமார் 352-லேயே இளகிவிடும். கட்டியாக இருக்கும்வரை மின்சாரம் ஓடாது, அதனால் பல்லாண்டு கெடாமல் கிடக்கும். உள்ளே வைத்த வெப்பத்தூளைப் பற்றவைத்ததும் உப்பு உருகிக் கலம் விழித்துக்கொள்ளும்.

விழித்த உப்பு ஓடப் பார்க்கும். அதைத் தடுக்கவே மக்னீசியம் ஆக்சைடு என்ற செராமிக் பொடியைக் கலந்து பில்லையாக அழுத்துகிறார்கள். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெயர் பைண்டர், ஆனால் பசை வேலை எதுவும் செய்வதில்லை. விளக்குத் திரி எண்ணெயைப் பிடிப்பதுபோல, துகள்களுக்கு இடையிலுள்ள நுண்புழைகளில் உருகிய உப்பைப் பிடித்து வைக்கிறது.

ஆகவே பொடியின் வேதிப்பெயர் மட்டும் போதாது, அதன் பிறப்பையும் கேட்க வேண்டும். மிதமான சூட்டில் சுட்ட மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடுதான்) நுண்மையானது, புறப்பரப்பு மிகுந்தது. கடுஞ்சூட்டில் சுட்டால் படிகங்கள் பருத்துப் பரப்பு குறைந்துவிடும், பிடிப்பும் தளரும். அப்போது சூடான பில்லை, கலங்களை அடுக்கி இறுக்கிய அழுத்தத்தில் நசுங்கும், ஓரத்தில் உப்பு பிதுங்கும், அது பக்கத்துக் கலத்தைத் தொட்டால் ‘ஷார்ட்’. சரி, பொடியைக் கூட்டிவிடலாமே என்றால் அயனிகளின் வழி அடைபட்டு மின்தடை ஏறும். எதிர்மின்முனையில் கால்சியம் இருந்த பழைய கலங்களின் காலத்தில் சிலிக்கா இந்த வேலையைச் செய்தது. கால்சியத்தின் இடத்துக்கு வந்த லித்தியம் சிலிக்காவோடு வினைபுரியும் என்பதால் மக்னீசியா வந்தது.

தமிழில் என்ன சொல்வது? ‘தாங்கி’ பேரிங்குக்குப் போய்விட்டது, இலங்கையில் தண்ணீர்த் தொட்டிக்கும். ‘பற்றுப்பொடி’ என்றால், உலோகத்தை ஒட்டப் பற்றாசு வைப்பவர் தன்னுடையது என்பார். நிலைத்திருக்கச் செய்வது என்ற பொருளில் ‘இருத்துபொடி’ என்பதே என் தேர்வு. அச்சுக்கோப்பவர் மட்டும் கவனிக்க வேண்டும்: ‘ரு’ போய் ‘று’ வந்தால் இறுத்தல், அதாவது வடித்தல்.