“அவ ரத்தத்துலயும் அது இருக்குமா?”: குழந்தைகளின் திரைப்படங்களில் சூனியமும் விக்காவும்

சில காலத்துக்கு முன் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய பெற்றோர் என்னிடம் உளவியல் ஆலோசனைக்கு அழைத்து வந்தனர். (குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) வகுப்பில் அவளுக்கு அருகில் அமரும் தோழி, தன் தாய் விக்கா சமயத்தைப் பின்பற்றுகிறார் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். மறுநாளிலிருந்து இவள் தோழியின் அருகில் அமர மறுத்தாள். அவள் தொட்ட பென்சிலைத் தொட மறுத்தாள். இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. விக்கா என்றால் என்னவென்று பெற்றோருக்கும் தெரியவில்லை. இணையத்தில் தேடி, பயமுறுத்தும் படங்களைக் கண்டு, அவர்களும் கலங்கிப் போயிருந்தார்கள். அவர்களை வெளியே அமர வைத்துவிட்டுப் பேசியபோது சிறுமி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அவ அம்மா அப்படின்னா, அவ ரத்தத்துலயும் அது இருக்குமா, ஆன்ட்டி?”

ஒரு சமயத்தை இரத்தத்தோடு சேர்த்துப் பேச இவளுக்கு எங்கிருந்து தோன்றியது என்று விசாரித்ததில், 1999இல் வெளியான ‘ஸ்கூபி-டூ அண்ட் த விட்ச்ஸ் கோஸ்ட்’ என்ற கார்ட்டூன் படத்தை அவள் பலமுறை பார்த்திருப்பது தெரிய வந்தது. குழந்தைகளுக்கான படங்களில் விக்கா என்ற பெயரை வெளிப்படையாகச் சொல்பவை மிகக் குறைவு. அவற்றுள் இது ஒன்று. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த தன் மூதாதை நோய் தீர்க்கும் விக்கா பெண் என்றும், அவர் அநியாயமாகப் பழி சுமத்தப்பட்டார் என்றும் ஓர் எழுத்தாளர் கதாபாத்திரம் சொல்கிறது. அது பொய், அவள் உண்மையிலேயே தீய சூனியக்காரிதான் என்பது பின்னர் வெளிப்படுகிறது. அவளை மீண்டும் மந்திர நூலுக்குள் சிறைப்படுத்த விக்கா வம்சத்தவர் ஒருவரால்தான் முடியும் என்றாகி, பதினாறில் ஒரு பங்கு விக்கா என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பாடகி ஒருத்தி மந்திரத்தைப் படித்து எல்லோரையும் காப்பாற்றுகிறாள். படத்தின் நோக்கம் கெட்டதன்று. விக்காவினர் நல்லவர்கள் என்றே அது சொல்ல வருகிறது. ஆனால் நல்லவர்களாயினும் தீயவர்களாயினும் அது பிறப்பிலேயே வருகிற ஒன்று என்ற கருத்துதான் அந்தச் சிறுமியின் மனத்தில் தங்கிவிட்டது.

உண்மை இதற்கு முற்றிலும் வேறானது. விக்கா என்பது இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான ஒரு சமயம். அங்கே 1735ஆம் ஆண்டின் சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, அச்சமயத்தை முன்னெடுத்த ஜெரால்டு கார்ட்னர் 1954இல் வெளியிட்ட நூலின் வழியாக அது பரவலாக அறியப்பட்டது. அதைப் பின்பற்றுவோர் பெரும்பாலும் ஒரு பெண் தெய்வத்தையும் கொம்புடைய ஓர் ஆண் தெய்வத்தையும் வழிபடுகிறார்கள். பருவ மாற்றங்களை ஒட்டி ஆண்டுக்கு எட்டு விழாக்களைக் கொண்டாடுகிறார்கள். யாருக்கும் தீங்கு செய்யாதிருப்பதைத் தங்கள் நெறியின் மையமாக வைத்திருக்கிறார்கள். சாத்தான் என்பது கிறித்தவ இறையியலைச் சேர்ந்த உருவம். இவர்களுடைய வழிபாட்டில் அதற்கு இடமே இல்லை. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1986இல் விக்காவை ஒரு சமயமாக ஏற்றது. வட்டத்துக்குள் ஐந்துமுனை நட்சத்திரம் கொண்ட அவர்களுடைய சின்னத்தைப் படைவீரர்களின் கல்லறைக் கற்களில் பொறிக்க அந்நாட்டு அரசு 2007இல் இசைந்தது. திகில் படங்களில் பேய் வரும் முன் தரையில் வரையப்படுகிறதே, ஏறத்தாழ அதே நட்சத்திரம்தான்.

ஆகவே பதினேழாம் நூற்றாண்டில் ஒரு விக்கா பெண் இருந்திருக்கவே முடியாது. அந்நூற்றாண்டில் சூனியக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் யார் என்பதற்கு அமெரிக்காவின் சேலம் ஊரில் 1692இல் நடந்த விசாரணைகளே சான்று. பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். வாய் திறக்க மறுத்த முதியவர் ஒருவர் கற்களை ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். தூக்கிலிடப்பட்டவர்களுள் ஒருவரான ரெபேக்கா நர்ஸ், தேவாலயத்தில் மதிப்புடன் வாழ்ந்த 71 வயது மூதாட்டி. அவர்கள் மந்திரவாதிகளும் அல்லர், வேறு சமயத்தவரும் அல்லர். அண்டை வீட்டாரின் அச்சத்துக்கும் பகைக்கும் இரையான சாதாரணக் கிறித்தவர்கள். அதே ஊரில் நடக்கும் ‘ஹோகஸ் போகஸ்’ (1993) என்ற குடும்பப் படமோ 1693இல் தொடங்குகிறது. மூன்று சகோதரிகள் ஒரு சிறுமியின் உயிராற்றலை உறிஞ்சுகிறார்கள். ஊரார் திரண்டு அவர்களைத் தூக்கிலிடுகிறார்கள். நகைச்சுவைப் படம்தான், பல குழந்தைகள் அதை விரும்பிப் பார்க்கிறார்கள், நானும் சிரித்திருக்கிறேன். ஆயினும், ஊர் கூடித் தூக்கிலிட்டது சரிதான் என்று அந்தத் தொடக்கக் காட்சி நம்மை எவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள வைத்துவிடுகிறது என்பதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

வம்சத்துக்கு அடுத்தபடியாகக் குழந்தைகள் பற்றிக்கொள்ளும் அடையாளம் முகம். ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ (1939) படத்தின் பச்சைத் தோல் கொண்ட சூனியக்காரியை அறியாதவர் குறைவு. 1900இல் வெளியான மூலக் கதையில் அவளுக்கு ஒற்றைக் கண் உண்டு. பச்சைத் தோல் இல்லை. வண்ணப்படத்தின் பகட்டுக்காக வந்து சேர்ந்த அந்தப் பச்சை நிறம் பிறகு முகமூடிகளிலும் படக்கதைகளிலும் நிலைத்துவிட்டது. அதே படத்தில், தீய சூனியக்காரிகள் மட்டுமே அழகற்றவர்கள் என்று நல்ல சூனியக்காரியே விளக்கம் சொல்கிறாள். ஐந்து வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

வயதைக் குறிப்பிட்டே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் சிந்தியா ஹாஃப்னரும் ஜோஆன் கேன்டரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கதையை நான்கு விதமாகப் படமாக்கிக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். ஒன்றில் கிழவி கனிவான தோற்றத்துடன் அன்பாக நடந்துகொண்டாள். இன்னொன்றில் அதே தோற்றத்துடன் கொடுமை செய்தாள். மற்ற இரண்டில் கோரமான தோற்றத்துடன் ஒருமுறை அன்பாகவும் ஒருமுறை கொடூரமாகவும் நடந்தாள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பெரிதும் தோற்றத்தை வைத்தே அவளை மதிப்பிட்டனர். ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகள் அவள் செய்ததை வைத்தே பெரும்பாலும் அவளை மதிப்பிட்டனர். என் அனுபவத்திலும், மருவுள்ள பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கண்டு ஓடி ஒளிவது நான்கு வயதுக்காரர்கள்தான். அவர்களிடம் “தோற்றத்தைப் பார்க்காதே” என்று அறிவுரை சொல்லிப் பயனில்லை. அந்தப் பாட்டியோடு நான்கு நாள் விளையாடினால் அச்சம் தானாகக் கரையும். 2020இல் வெளியான ‘தி விட்சஸ்’ படத்தில் சூனியக்காரிகளின் கைகளில் சில விரல்கள் இல்லாதது போலக் காட்டினார்கள். பிறவியிலேயே அத்தகைய கைகளுடன் வாழ்பவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும், தயாரிப்பு நிறுவனமும் முதன்மை நடிகை ஆன் ஹாத்தவேயும் மன்னிப்புக் கேட்டனர். பள்ளியில் அப்படியொரு கை உள்ள குழந்தை அந்தப் படத்துக்கு மறுநாள் எதை எதிர்கொண்டிருக்கும் என்பதைப் படத்தை உருவாக்கியவர்களுள் ஒருவராவது முன்பே யோசித்திருக்கலாம்.

நம் மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. சூனியக்காரி என்ற சொல்லிலேயே பிறருக்குக் கேடு செய்பவள் என்ற பொருள் ஊறியிருக்கிறது. ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ (1989) படத்தில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, துடைப்பத்தில் பறந்து பொருள்களைக் கொண்டு சேர்த்துப் பிழைக்கும் பதின்மூன்று வயதுக் கிகியை அப்படி அழைக்க எனக்கு நா எழுவதில்லை. மந்திரக்காரி என்று சொல்லிவிடுகிறேன். மனம் சோர்ந்தபோது பறக்கும் ஆற்றலை இழக்கும் கிகி, பதின்வயதினருடன் உரையாட எனக்கு மிகவும் உதவியவள். அதைப் போலவே ‘பாராநார்மன்’ (2012) படத்தில் ஊரையே நடுங்க வைக்கும் சூனியக்காரி, பெரியவர்கள் அஞ்சித் தண்டித்த ஒரு சிறுமி என்பது இறுதியில்தான் தெரிகிறது. எட்டு வயதுக்குக் கீழே அது சற்று மிரட்டலான படம். அதற்கு மேற்பட்டவர்களுடன் பெற்றோரும் அமர்ந்து பார்க்கலாம்.

இத்தகைய படங்களைத் தடை செய்யுமாறு நான் பெற்றோரிடம் சொல்வதில்லை. திருட்டுத்தனமாகப் பார்த்த படத்தைப் பற்றிக் குழந்தை வீட்டில் வாய் திறப்பதில்லை. அதைவிட, படம் முடிந்ததும் “அவள் என்ன செய்தாள்?” என்று கேட்கச் சொல்கிறேன். மூக்கையும் தொப்பியையும் விட்டுவிட்டுச் செயலைச் சொல்லக் குழந்தை முயலும்போதே பார்வை சற்று மாறுகிறது. ஓஸ் படத்தில் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் முன்பு மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1975இல் ஒரு குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்து, அந்த உடையைக் குழந்தைகள் கண் முன்னே ஒவ்வொன்றாக அணிந்து காட்டினார். அந்தக் காட்சியைச் சிறு குழந்தைகளுக்கு நான் போட்டுக் காட்டுவதுண்டு. ஆனால் அச்சம் சில வாரங்களைக் கடந்தும் நீடித்தாலோ, குறிப்பிட்ட ஒருவரைக் குழந்தை தொடர்ந்து தவிர்த்தாலோ, தன்னிடமே தீய சக்தி இருப்பதாக நம்பத் தொடங்கினாலோ தாமதிக்காமல் ஆலோசகரை நாட வேண்டும். வீட்டிலோ வெளியிலோ பெரியவர் ஒருவர் ஒரு குழந்தையைச் சூனியம் பிடித்தது என்று சொன்னால், அது ஆலோசனைக்கு மட்டும் உரிய செய்தியன்று; உடனடியாகக் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டிய செய்தி. சூனியக் குற்றச்சாட்டுகளால் இன்றும் மனிதர்கள் அடிக்கப்படுவதையும் கொல்லப்படுவதையும் கருதித்தான் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மன்றம் 2021 ஜூலையில் தனித் தீர்மானமே நிறைவேற்றியது.

அந்தச் சிறுமியிடம், இரத்தத்தில் சமயம் இருக்காது என்று விளக்கிய பிறகு, எஞ்சியதைத் தோழியிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றேன். இரண்டு வாரங்கள் தயங்கிவிட்டு, ஒரு நாள் உணவு இடைவேளையில் கேட்டிருக்கிறாள். அடுத்த சந்திப்பில் என்னிடம் வந்து, சற்றே ஏமாற்றத்துடன், “அவங்க அம்மா மெழுகுவத்தி ஏத்துவாங்களாம், ஆன்ட்டி. அப்புறம் ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருக்கணுமாம். அவளுக்கு போர் அடிக்குதாம்” என்றாள்.