பூட்டு அப்படியே இருக்கும், நாதாங்கி வந்துவிடும்

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு ஆட்டோ பிடிப்போம். மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் திருட்டுப் போன ஒரு வீட்டில், பூட்டு பூட்டினபடியே ஒரு கீறல்கூட இல்லாமல் தரையில் கிடந்தது. பூட்டை மாட்டும் நாதாங்கிதான் ஸ்க்ரூக்களோடு சேர்ந்து பிடுங்கி வந்திருந்தது. அன்றைக்கிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் நாதாங்கிக்குத்தான் போகிறது.

பூட்டைக் குறை சொல்ல முடியாது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் திண்டுக்கல் பூட்டு உட்பட, நல்ல பூட்டுகள் பலவற்றின் உள்ளே லீவர்கள் இருக்கின்றன. கடையில் ‘6 லீவர்’, ‘8 லீவர்’ என்று பூட்டின் மேலேயே பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லீவர் என்பது அடுக்கி வைத்த மெல்லிய உலோகத் தகடு. ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வெட்டு இருக்கும். சாவியைத் திருப்பும்போது அதன் பற்கள் தகடுகளை வெவ்வேறு உயரத்துக்குத் தூக்க, எல்லா வெட்டும் ஒரே கோட்டுக்கு வந்தால்தான் உள்ளே இருக்கும் தாழ் நகர வழி பிறக்கும். தகடு கொஞ்சம் குறைவாக எழும்பினாலும் திறக்காது, கூடுதலாக எழும்பினாலும் திறக்காது. இந்த இரண்டாவது தடையைக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் பாரன், 1778-ல். அதற்கு முன்பு, தகட்டை எப்படியாவது மேலே தூக்கிவிட்டால் போதும், பூட்டு திறந்துவிடும்.

சரி, இத்தனை நுணுக்கமான பூட்டோடு திருடன் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? அவன் கையிலும் ஒரு லீவர், அதாவது நெம்புகோல், இருக்கிறது: கடப்பாரை. அதன் நுனியை நாதாங்கிக்கு அடியில் விட்டு, 3 சென்டிமீட்டர் தள்ளிக் கதவில் முட்டுக் கொடுத்து, அங்கிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து அழுத்தினால் விசை 20 மடங்காகிவிடும். 30 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினாலே நுனியில் கிட்டத்தட்ட 600 கிலோ! நாலைந்து அரை அங்குல ஸ்க்ரூக்கள் மரநாரைப் பற்றிக்கொண்டு அதைத் தாங்க முடியுமா? திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரமாக இருந்தால் உப்புக் காற்றில் ஸ்க்ரூவும் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரமும் நைந்து, பிடிப்பு இன்னும் தளர்ந்துவிடும்.

அதனால் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, கதவின் முழுக் கனத்துக்கும் துளை போட்டு, வெளிப்பக்கம் ஸ்க்ரூடிரைவர் பிடிக்காத மொட்டைத் தலை போல்ட்டாக மாட்டி, உள்பக்கம் அகலமான வாஷர் வைத்து நட்டை முடுக்கச் சொல்லுங்கள். இப்போது இழுவிசை ஸ்க்ரூவின் நாலைந்து புரிகளில் நிற்காமல் வாஷர் தொடும் பரப்பு முழுவதிலும் பரவுகிறது. நாதாங்கி வெளியே வரவேண்டுமானால் மரமே பிளக்க வேண்டும். தச்சருக்கு அரைமணி நேர வேலைதான். நிலைப்பக்கத்தையும் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள், கதவை மட்டும் பலப்படுத்தினால் அடுத்த அழுத்தம் அங்கேதான் போகும். இரும்பு கிரில் கேட்டில் என்றால் நாதாங்கியை வெல்டிங் செய்துவிடலாம்.

அப்புறம், வாசலில் நாலு நாள் கோலம் இல்லாமல் பேப்பரும் பால் பாக்கெட்டும் குவிந்து கிடந்தால், வீட்டில் ஆள் இல்லை என்று நாமே சொன்ன மாதிரி. இரண்டையும் நிறுத்திவிட்டு, எதிர்வீட்டில் சொல்லி, பகுதி காவல் நிலையத்திலும் தேதியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போங்கள்.