விரலுக்குத் தெரியாதது ஊசிக்குத் தெரியும்

நாயைக் குளிப்பாட்டும்போதுதான் பெரும்பாலும் தட்டுப்படும். சோப்புக் கை விலாப்பக்கம் வழுக்கிப் போகையில் தோலுக்கடியில் ஓர் உருண்டை. உண்ணியோ என்று முடியை விலக்கிப் பார்த்தால் உண்ணி இல்லை. அமுக்கினால் நழுவுகிறது, நாயும் கத்தவில்லை. “கொழுப்புக் கட்டிதான், ஒன்றும் செய்யாது” என்று யாராவது சொன்னதும் மனம் ஆறிவிடும்.

பல நேரம் அது உண்மைதான். வயதான, உடல் பெருத்த நாய்களுக்கு, லேப்ரடார்களுக்கு அதிகமாகவே, கொழுப்புக் கட்டி வரும். என் பயமெல்லாம் சில சமயம் அதேபோல மெத்தென்று வரும் இன்னொன்றைப் பற்றித்தான்: மாஸ்ட் செல் கட்டி. நாயின் தோலில் மிகப் பரவலாக வரும் புற்றுநோய்களில் ஒன்று. பாக்ஸர், பக் இனங்களில் கூடுதல்.

மாஸ்ட் செல் நம் தோலிலும் உண்டு. கொசு கடித்த இடம் தடித்து அரிப்பது அதன் வேலையால்தான்; உள்ளே குருணை குருணையாகச் சேர்த்துவைத்த ஹிஸ்டமின் என்ற, வீக்கமும் அரிப்பும் தரும் வேதிப்பொருளைக் கொட்டுகிறது. இந்தச் செல் கட்டுக்கடங்காமல் பெருகிக் கட்டியானால், அது ஹிஸ்டமின் மூட்டை. பிதுக்கினாலோ, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துத் தேய்த்தாலோ, குருணைகள் கொட்டி அந்த இடம் சிவந்து வீங்கும். பிறகு வடியும். பற்று கேட்டுவிட்டது என்று நினைத்துவிடுவோம்; கட்டி அங்கேயேதான் இருக்கும். ரத்தத்தில் கலந்த ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தைக் கூட்டிப் புண்ணாக்கவும் செய்யும். அதனால், கட்டியுள்ள நாய் வாந்தி எடுத்தாலோ, தார்போலக் கறுப்பாக மலம் கழித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

எவ்வளவு அனுபவமுள்ள விரலும் இதைத் தடவிப் பார்த்து உறுதிசெய்ய முடியாது. தடுப்பூசிக்குக் குத்துவது போன்ற மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பரப்புவார்கள். பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். கொழுப்பென்றால் சில்லு எண்ணெய் தடவியதுபோல மினுங்கும், காயாது. மாஸ்ட் செல்லென்றால், சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்ததும் ஊதா நிறக் குருணைகள் சிதறிக் கிடக்கும். சில சமயம் ஊசியில் போதிய செல் வராது. அப்போது சிறு துண்டு வெட்டிப் பரிசோதிக்க வேண்டிவரும்.

கட்டி பட்டாணி அளவு, அதாவது 1 செ.மீ., இருந்தாலோ ஒரு மாதமாகியும் போகாவிட்டாலோ மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வேகமாக வளர்வது, புண்ணாகி ரத்தம் கசிவது, வீங்கி வீங்கி வடிவது என்றால் மாதக்கணக்கு வேண்டாம். கருத்தடை செய்யாத பெண் நாயின் மடியில் வரும் கட்டிக்கும் அப்படியே. அவற்றில் ஏறக்குறைய பாதி புற்றுநோய்.

“ஊசியெல்லாம் எதற்கு, நேரே வெட்டி எடுத்துவிடுங்கள்” என்று கேட்பவர்கள் உண்டு. கொழுப்புக் கட்டியை அப்படியே தோண்டி எடுத்துவிடலாம். மாஸ்ட் செல் கட்டியென்றால் சுற்றிலும் 2 செ.மீ. வரை நல்ல தோலையும், அடியில் ஓர் அடுக்குத் திசுவையும் சேர்த்தே எடுப்பது வழக்கம். எந்தக் கட்டி என்று தெரியாமல் கத்தி வைத்தால் மிச்சம் தங்கிவிடும். இரண்டாம் முறை வெட்டுவதற்குக் காலிலும் முகத்திலும் தோல் போதாது.